ஊசியின் தர்மம்

பிறர் உயிரைத் தம் கைகளில் ஏந்தும் சஸ்திர வைத்தியர் ஒருவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின், துணித்துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒட்டுப்போர்வை தைப்பதில் மாலைப்பொழுதைக் கழிப்பாரானால், அது அவருடைய ஸ்வதர்மத்துக்கு இழுக்காகுமா, அன்றி அதற்கே உரமூட்டும் சாதனையாகுமா? காலவிரயம் என்று சொல்வோருக்கு முதல் விடை நம் ஆயுர்வேத மரபிலேயே இருக்கிறது.

மாணாக்கன் மனித உடலைத் தொடுமுன் செய்யவேண்டிய அப்பியாசங்களை வகுக்கும் சுசுருத சம்ஹிதை, அறுப்பதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களையும், தைப்பதற்கு மெல்லியதும் தடித்ததுமான துணிகளின் ஓரங்களையும் மென்தோலையும் விதிக்கிறது. மூட்டுகளுக்கு இரண்டு விரற்கடை நீள உருண்டை ஊசி, சதைப்பற்றுள்ள இடங்களுக்கு மூன்று விரற்கடை முப்பட்டை ஊசி, வயிறு போன்ற இடங்களுக்கு வில்லாக வளைந்த ஊசி என்று அது பிரித்துரைக்கும் நுட்பத்தைக் காண்போர், துணியே வைத்தியனின் முதல் ஆசான் என்பதை ஒப்புவர்.

மேல்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1894-ல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துப்பட்டு, ஈரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை கிழிந்து, அதைத் தைக்கும் வகை எவருக்கும் தெரியாமையால் மாண்டார். அந்நகரில் அப்போது மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரெல், பின்னர் லெரூதியே என்ற பூத்தையல் அம்மையாரிடம் ஊசிவேலை கற்று, இரத்தக் குழாயின் வட்ட வாயில் சமதூரத்தில் மூன்று தையல்களிட்டு இழுத்து, அதை முக்கோணமாக்கி விளிம்போடு விளிம்பு சேர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் தத்துவ விசாரணை தொடங்குவது இங்கேதான். அத்தகைய கைவண்ணம் வாய்ந்த அதே காரெல், 1935-ல் வெளியிட்ட நூலில், கொடுங்குற்றவாளிகளையும், குற்றமிழைத்த சித்தப்பிரமையுற்றோரையும் வாயுவைச் செலுத்தி முடித்துவிடலாம் என்று எழுதினார். அறுந்த நாளத்தை இணைக்கத் துடித்த உள்ளம் மனிதரையே கழித்துவிடத் துணிந்தது எங்ஙனம்? கைத்திறன் தானாகவே கருணையாகிவிடுவதில்லை என்பதன்றி வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. பூத்தையலிலிருந்து அவர் நுட்பத்தைப் பெற்றுக்கொண்டார். துணி புகட்டக்கூடிய மற்றொரு பாடம் அவரை எட்டவில்லை.

அந்தப் பாடம் பௌத்தர்களின் விநய பிடகத்தில் இருக்கிறது. மகாவக்கத்தின் எட்டாம் பகுதி துறவியரின் சீவர ஆடையைப் பற்றியதாயினும், அது தொடங்குவது ஜீவகன் என்னும் வைத்தியனின் வரலாற்றோடு. ராஜகிருகத்துக் கணிகை சாலவதி ஈன்ற ஆண்மகவு முறத்திலிட்டுக் குப்பைமேட்டில் எறியப்பட, காக்கைகள் சூழக் கிடந்த அதை இளவரசன் அபயன் எடுத்து வளர்ப்பித்தான். அக்குழந்தையே வளர்ந்து, தட்சசீலத்தில் வைத்தியம் கற்று, காசி வணிகன் மகனின் வயிற்றைக் கீறி, முறுக்கிக் கிடந்த குடலைச் சிக்கறுத்து உள்ளே வைத்துத் தைத்தவன். மகதநாட்டு வயல்கள் வரப்புகளால் பிரிந்தும் இணைந்தும் கிடப்பதைக் காட்டி, அவ்வாறே துண்டுகளைச் சேர்த்துச் சீவரம் அமைக்குமாறு புத்தர் ஆனந்தரைப் பணித்ததும் அப்பகுதியிலேயே வருகிறது. குப்பையிற் கிடந்த கந்தல் துறவியின் ஆடையாயிற்று; குப்பையிற் கிடந்த குழந்தை புத்தருக்கே வைத்தியனாயிற்று.

ஒட்டுப்போர்வை தைப்பவர், சாயம் போன துண்டு, கறைபட்ட துண்டு, நைந்த துண்டு எதையும் வீசிவிடாமல், உறுதியான துணிக்கு அருகில் வைத்து, மேல்துணியும் நடுப்பஞ்சும் அடித்துணியும் ஒன்றாகும்படி ஓட்டுத்தையலிடுகிறார். எதற்கும் ஓரிடம் உண்டு என்ற இந்த எண்ணம் பழகப் பழக, சிகிச்சைக்கு வரும் குடிகாரனும், அநாதையும், சித்தம் கலங்கியவனும் அவர் கண்ணில் கழிவுப்பொருளாகத் தோன்றமாட்டார்கள். அவ்விதம் பழகாதவர் எத்தனை போர்வை தைத்தாலும் அது வெறும் விரல்வேலையே.

ஆதலால், மருத்துவம் பயிலும் இளைஞர்களே, ஊசி பிடிக்கும் பயிற்சியைத் துணியில் மேற்கொள்ளுங்கள். அதில் இன்பம் கண்டால் வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் கை தேர்வதோடு நின்றுவிடாதீர்கள். கழித்துக்கட்டத்தக்க மனிதர் எவருமிலர் என்ற உறுதி உள்ளத்தில் ஊன்றும்வரை உங்கள் கல்வி நிறைவு பெற்றதாகாது.