விரல் அறியும் வழி

பேஸ் கிட்டார் கலைஞர் ஒருவர், விசிறி போல் ஃப்ரெட்டுகள் விரிந்த கருவியை முதன்முறை மடியில் வைக்கிறார். நடுவிலுள்ள ஒரு ஃப்ரெட் மட்டும் நேராக இருக்கிறது. மற்றவை இருபுறமும் சாய்ந்து கிடக்கின்றன. கண் மிரள்கிறது.

இந்தச் சாய்வுக்குக் காரணம் உண்டு. கனடாவின் டிங்வால் நிறுவனம் செய்யும் ஐந்து தந்தி பேஸில் தடித்த 'பி' தந்தி 37 அங்குலம், மெல்லிய 'ஜி' தந்தி 34 அங்குலம். நீளம் கூடுவதால் தடித்த தந்தி தளராமல் விறைப்பாக நிற்கிறது, ஒலி தெளிகிறது. அமெரிக்கக் கைவினைஞர் ரால்ஃப் நோவாக் 1989-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் ஆர்ஃபாரியன் என்ற தந்திக் கருவியிலேயே சாய்ந்த ஃப்ரெட்டுகள் இருந்தன.

முதல் ஃப்ரெட்டில் சுட்டுவிரல் சற்றே எட்ட வேண்டியிருக்கிறது. பார்த்துப் பார்த்து வைத்தால் தடுமாற்றம். பார்வையை விலக்கினால், மணிக்கட்டு தானாகத் திரும்பிச் சரியான இடத்தில் விரலை இறக்குகிறது.

அப்படியானால் அறிந்தது யார், மனமா, கையா?

பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போன்ட்டி 1945-இல் வெளியான 'புலனுணர்வின் நிகழ்வியல்' நூலில் இதையே ஆராய்ந்தார். பழகாத ஆர்கனில் ஒரு மணி நேரம் பயின்றதும் கச்சேரிக்குத் தயாராகும் கலைஞரை உதாரணம் காட்டினார். அவர் கட்டைகளின் இடங்களை மனப்பாடம் செய்வதில்லை. புது வீட்டில் குடியேறுவது போல் அந்தக் கருவிக்குள் உடலோடு குடியேறுகிறார். மனம் ஆணையிட, உடல் பணிகிறது என்ற பழைய கணக்கு இங்கே பொருந்தவில்லை.

இத்தகைய பேஸை வாங்க நினைப்பவர்கள் தோற்றத்தைக் கண்டு தயங்க வேண்டாம். கண்ணை மூடிக் கால் மணி நேரம் வாசித்துப் பாருங்கள், அதன்பின் முடிவெடுங்கள்.