காலம் கழிந்தால் கடன் கழியுமா?

ஜார்ஜ் டவுனில் லெபோ பினாங்கு கடைக்காரர் ஒருவருக்கு இன்னொரு வியாபாரி சரக்குப் பணம் பாக்கி வைத்திருந்தால், 1953-ஆம் ஆண்டின் மலேசியக் காலவரையறைச் சட்டப்படி அவர் ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அரசு அதிகாரியின் செயலால் அதே கடைக்காரருக்கு நட்டம் வந்தால், 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தரும் அவகாசம் 36 மாதம். கணக்குப் பிழையால் வருமான வரியைக் கூடுதலாகக் கட்டிவிட்டால் நிவாரணம் கேட்க ஐந்து ஆண்டு. ஆனால் அரசுக்கு அவர் கட்ட வேண்டிய வரி பாக்கிக்கு மட்டும் இப்படி ஒரு கெடு கிடையாது. வருமான வரியோ விற்பனை வரியோ சுங்கத் தீர்வையோ, அதை வசூலிக்க அரசு தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. குடிமகனுக்கு எதிராகக் கடிகாரம் ஓடுகிறது, அரசுக்கு எதிராக அது நின்றுவிடுகிறது. இது முறையா என்று கேட்டால், அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று வந்து நிற்கிறது: காலம் போனால் கடன் போய்விடுமா? போகாது என்பதே என் விடை. ஆனால் கடனைக் கட்டாயப்படுத்தி வாங்கும் அதிகாரத்துக்கு வயது உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் வரி பாக்கிக்குக் கெடு வைப்பது வரி ஏய்ப்பவனுக்குக் காட்டும் சலுகைபோலத் தெரிகிறது.

கடன் காலத்தால் சாவதில்லை என்பதில் சமயங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. செய்த வினை செய்தவனைத் தொடரும் என்று நம்புகிற இந்து மரபில், வாங்கியதைக் கொடுக்காமல் சாவது பாவம். மலேசிய முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாஃபிஈ வழியில், கொடுக்காமல் விட்ட ஜகாத் ஆண்டுகள் கடந்தாலும் கடனாகவே நிற்கும். இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அதை எடுத்து வைக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மெஜெல்லே சட்டநூல் இதை இன்னும் கூர்மையாக்கியது. பொதுவான வழக்குகளை 15 ஆண்டுக்குப் பின் நீதிமன்றம் விசாரிக்காது என்று ஓரிடத்தில் விதித்துவிட்டு, காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்று இன்னோரிடத்தில் எழுதி வைத்தது. மலேசிய ஒப்பந்தச் சட்டமும் இதே வழியில் போகிறது. காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாக ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். கடன் உண்மையிலேயே செத்திருந்தால், ஒரு கையெழுத்தில் அது எப்படி எழுந்திருக்கும்?

கட்டாயப்படுத்தும் அதிகாரத்தைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வது வேறு. கடன்காரனை எந்த அளவுக்கு, எத்தனை தலைமுறைக்கு நெருக்கலாம் என்பதற்குத் தரும சாத்திரங்கள் கவனமாக எல்லை வகுத்தன. ஒரே தவணையில் வாங்கும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது. தந்தையின் கடனை மகன் வட்டியோடு கட்டுவான், பேரன் முதலை மட்டும் கட்டுவான், கொள்ளுப்பேரனிடம் கேட்க முடியாது. பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்த கடனை வசூலிக்க முடியாது என்கிறது அர்த்தசாத்திரம். சிறுவர், முதியோர், நோயாளிகள், நாடு விட்டுப் போனவர்கள் ஆகியோருக்கும், நாடே குழம்பிக் கிடந்த காலத்துக்கும் அது விலக்கும் வைத்தது. நம் கேள்விக்கு இவற்றைவிட நெருக்கமானது மனு நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மகன் கட்ட வேண்டியிராத தந்தையின் கடன்களைப் பட்டியலிடும்போது, சூதுக் கடன், கள்ளுக் கடன் ஆகியவற்றோடு, கட்டாமல் விட்ட தண்டத்தின் மிச்சமும் சுல்கத்தின் மிச்சமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சுல்கம் என்பதற்கு மணப்பெண் விலை என்று பொருள் கொண்டவர்களும் உண்டு, சுங்கம் என்று கொண்டவர்களும் உண்டு. சுங்கம் என்று கொண்டால், அரசனுக்குச் சேர வேண்டிய பாக்கி அதைச் செலுத்தத் தவறியவனோடு முடிந்துவிடுகிறது. அவன் பிள்ளைகளின் தலையில் அது ஏறுவதில்லை.

இந்த எல்லைக்குக் காரணம் இரக்கம் மட்டும் அன்று, அறிவின் எல்லையும்தான். வினைக் கணக்கை வைத்திருப்பவன் எல்லாம் அறிந்தவன், அவனுக்கு ரசீது தேவையில்லை. வரி அதிகாரிக்கும் நீதிபதிக்கும் ரசீதைத் தவிர வேறு வழியில்லை. மலேசிய வருமான வரிச் சட்டம் கணக்கு ஆவணங்களை ஏழு ஆண்டு காத்து வைக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு அவற்றைக் கிழித்துப் போட்டால் குற்றமில்லை. ஆனால் பழைய பாக்கிக்கான வழக்கு எட்டாம் ஆண்டிலும் வரலாம், இருபதாம் ஆண்டிலும் வரலாம். போதாக்குறைக்கு, வரி வசூல் வழக்கில் தொகை அதிகம், கணக்கு தவறு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 106-ஆம் பிரிவு. அந்த வாதத்துக்கு உரிய இடம் சிறப்பு ஆணையர்கள் முன் செய்யும் மேல்முறையீடு, அதற்குக் கிடைக்கும் அவகாசம் 30 நாள். குடிமகன் மறுத்துப் பேச 30 நாள், அரசு வசூலிக்க முடிவில்லாத காலம். எல்லாம் அறிந்த கடவுளுக்கு உரிய பொறுமையை, எல்லாம் அறியாத அலுவலகம் ஒன்று கடன் வாங்கிக்கொள்வதாகவே இதை நான் பார்க்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வரி என்பது ஊர்ப் பணம். தன் பணத்தை விட்டுக்கொடுக்கத் தனியாளுக்கு உரிமை உண்டு, பிறர் பணத்தை விட்டுக்கொடுக்க எழுத்தருக்கு என்ன உரிமை? அதிகாரி தூங்கினான் என்பதற்காக மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் ஏன் இழக்க வேண்டும்? மனு நூலும் இந்தப் பக்கம் சாய்கிறது. பத்து ஆண்டு பிறர் அனுபவித்தால் உடைமை கைவிட்டுப் போகும் என்ற விதியிலிருந்து அரசனின் சொத்துக்கு அது விலக்கு அளிக்கிறது. 1807-ஆம் ஆண்டின் அரச சாசனத்தோடு பினாங்கில் கால்வைத்த ஆங்கிலச் சட்டத்திலும், மன்னருக்கு எதிராகக் காலம் ஓடாது என்பது பழைய கோட்பாடு. ஆனால் ஊர்ப் பணம் என்ற வாதம் நீண்ட கெடுவுக்குத்தான் நியாயமாகும், கெடுவே கூடாது என்பதற்கு ஆகாது. அந்த ஆங்கிலேயர்களே 1769-இல் நிலங்கள் மீதான மன்னரின் உரிமைக் கோரிக்கைக்கு 60 ஆண்டு எல்லை வைத்தார்கள். மெஜெல்லே வக்ஃபு அறக்கட்டளைகளுக்கு 15-க்குப் பதில் 36 ஆண்டு தந்தது. இறைவன் பெயரால் அர்ப்பணித்த சொத்துக்கே ஒரு முடிவு உண்டு என்று அதை வகுத்தவர்கள் எண்ணினார்கள். இந்தியாவில் அரசு தொடுக்கும் வழக்குகளுக்கு இருந்த 60 ஆண்டை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் 30 ஆக்கியது. அமெரிக்க மத்திய அரசு, வரியை மதிப்பிட்ட நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் வசூலிக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் தன் வருமான வரிக்கு 20 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. இதனால் அந்த அரசுகளின் கருவூலம் வற்றிவிடவில்லை.

தூங்கும் அதிகாரியால் ஊர் இழக்கிறது என்பது உண்மை. ஆனால் அவனை எழுப்ப முடிவில்லாத அவகாசம் உதவுமா? முதலாம் ராசராசன் தன் 24-ஆம் ஆட்சியாண்டில் இட்ட ஆணை உக்கல் கல்வெட்டில் இருக்கிறது. இரண்டு முழு ஆண்டு வரி கட்டாத நிலத்தை ஊரார் எடுத்து விற்கலாம் என்பது அதன் சாரம். கடுமையான ஆணைதான், ஆனால் அதில் சோம்பல் இல்லை. பினாங்கில் இன்றும் நில வரியின் நடைமுறை ஏறக்குறைய அப்படித்தான். மே 31-க்குள் கட்டாவிட்டால் அது பாக்கியாகும், பிறகு 6ஏ படிவத்தில் அறிவிப்பு வரும், அதற்கும் அசையாதவரின் நிலம் மாநில அரசுக்குப் பறிபோகும். சீக்கிரம் கேட்கப்பட்ட பாக்கியைக் கட்ட வழி இருக்கும், மறுக்கவும் சான்று இருக்கும். இருபது ஆண்டு கழித்து அபராதத்தோடு வரும் பாக்கிக்கு இரண்டும் இருக்காது.

இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது: கெடு வைத்தால் ஏய்ப்பவன் நாளை எண்ணிக்கொண்டு ஒளிந்திருப்பான். யூத மறைநூல் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விடுவிக்கச் சொன்னது. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்கக் கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். அதனால் ஏழைகளே தவித்ததைக் கண்ட ஹில்லெல் என்ற அறிஞர், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துக் காக்கும் ஏற்பாட்டைச் செய்தார். கெடு நல்லவர்களையும் தந்திரக்காரர்களாக்கும் என்பதற்கு இது சான்றுதான். ஆனால் மருந்து மலேசியச் சட்டத்திலேயே இருக்கிறது. வரியை மறுமதிப்பீடு செய்ய வருமான வரி வாரியத்துக்கு இருந்த ஆறு ஆண்டு 2014 முதல் ஐந்தாகக் குறைந்தது. மோசடியோ வேண்டுமென்றே செய்த தவறோ அலட்சியமோ இருந்தால் அந்தக் கெடு பொருந்தாது. ஏமாற்றியவனையும் ஏமாந்தவனையும் மதிப்பீட்டில் பிரித்தறிய முடிகிற அரசுக்கு, வசூலில் மட்டும் அது ஏன் முடியாது? மேலும் அரசு இப்போதும் விட்டுக்கொடுக்காமல் இல்லை. 2018 நவம்பர் முதல் 2019 செப்டம்பர் வரை நடந்த தன்னார்வ அறிவிப்புத் திட்டத்தில் அபராதம் முதலில் 10, பிறகு 15 விழுக்காடாக இருந்தது. 2023 ஜூன் முதல் 2024 மே வரை நடந்த இரண்டாம் திட்டத்தில் அபராதமே இல்லை. வரியை மறைத்தவருக்கு அவ்வப்போது கதவு திறக்கிறது. தெரியாமல் பாக்கி விழுந்து, அதை மறந்தும் போன சிறு வியாபாரிக்கு நிலையான விதி ஒன்றும் இல்லை. ஆட்சியாளர் நினைத்தபோது வரும் கருணையைவிட, எல்லாருக்கும் ஒரே நாளில் முடியும் கெடு நேர்மையானது.

அப்படியானால் கெடு தாண்டியவன் தலை நிமிர்ந்து நடக்கலாமா? நடக்க முடியாது. வழக்குப் போடும் உரிமையைத்தான் அரசு விட்டது. அவன் ஊருக்குத் தர வேண்டியது அப்படியே இருக்கிறது. அவன் ஓட்டிய சாலையும் அவன் பிள்ளை படித்த பள்ளியும் பிறர் கட்டிய வரியில் எழுந்தவை. இறைநம்பிக்கை உள்ளவனுக்கு இது கூடுதல் பாரம். வாயிலில் நிற்கும் அமீனாவுக்காகக் கொடுத்ததை அறம் என்று சொல்ல முடியாது. அமீனா வரமாட்டான் என்று தெரிந்த பிறகு கொடுப்பதில்தான் கொடுப்பவனின் மனம் தெரியும். கெடு இந்தப் பொறுப்பைக் குறைப்பதில்லை, அதைச் சட்டத்தின் கையிலிருந்து மனச்சாட்சியின் கைக்கு மாற்றுகிறது.

ஆகவே மலேசியா எடுக்க வேண்டிய முடிவு கடினமானதன்று. நிலத்தை மீட்கவும் நீதிமன்றத் தீர்ப்பின்மீது வழக்குத் தொடுக்கவும் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு தருகிறது. தொகை இறுதியான நாளிலிருந்து அதே 12 ஆண்டை வரி வசூலுக்கும் வைக்கலாம். மோசடி செய்தவருக்கும் நாட்டைவிட்டு ஓடியவருக்கும் விலக்கு வேண்டும். பாக்கியை ஒப்புக்கொண்டு தவணை கேட்டவருக்குக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கட்டும். தராசையும் கோலையும் ஒரே கையில் வைத்திருக்கும் அரசு தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு இது. அதை ஏற்கிற அரசு பாக்கியைக் காலத்தோடு கேட்கும். காலத்தோடு கேட்கப்பட்டவனுக்கு, ‘தெரியாது, மறந்துவிட்டேன்’ என்ற சாக்கும் மிஞ்சாது.