மருந்தா, மகாலட்சுமியா?

பொழுது சாய்ந்தபின் துளசியைக் கிள்ளக்கூடாது, துவாதசியன்று தொடவே கூடாது என்பாள் அம்மா. எனக்கு இருமல் வரும்போல் இருந்தால் வெயில் தாழுமுன்பே பத்து இலை பறித்து வைத்துவிடுவாள். பறிக்கும் முன் ஒரு கணம் கை நிற்கும், உதடு அசையும். பிறகு மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கஷாயம். கடைசியில் கொஞ்சம் பனங்கற்கண்டு.

காலையில் சுற்றிக் கும்பிட்ட துளசித் தாயாரை இரவில் கொதிக்க வைக்கலாமா? சிறுவயதில் இந்தக் கேள்வி என்னை உறுத்தியது. துளசியில் இருப்பது யூஜெனால் என்னும் வேதிப்பொருள், கிராம்பிலும் அதுதான் என்று பின்னால் படித்தேன். அது காரத்துக்கு விளக்கம். அம்மாவின் கை ஏன் நின்றது என்பதற்கு அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்தது துளசிச் செடியடியில் என்பது ஐதீகம். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கர்ப்பூரத்தோடு மணப்பதும் இந்த இலைதான். அதையும் விழுங்கத்தானே செய்கிறோம்? தெய்வம் உடம்புக்குள் இறங்குவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கேட்காமல் பறிப்பதே பிழை.

உங்கள் வீட்டுத் துளசியில் கதிர் முற்றியிருந்தால் கிள்ளிவிடுங்கள், செடி தழைக்கும். விதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.