அடுத்த வீட்டு ரசம்

ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? மீசையா, ஓட்டுரிமையா, முதல் சம்பளமா? எனக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, அங்கே ஊற்றுகிற ரசத்தை, 'எங்க வீட்ல இப்படி வைக்க மாட்டாங்க' என்று சொல்லாமல் சாப்பிடத் தெரிந்துவிட்டால், அவன் வளர்ந்துவிட்டான்.

சிரிக்காதீர்கள். அம்மா சமையல்தான் உலகத்துக்கே சட்டம் என்று நம்புவது குழந்தைப் பருவம். அது பல ருசிகளில் ஒன்று என்று புரிந்துகொள்வதுதான் முதிர்ச்சி. அறுபது வயதிலும் இந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆகிறவர்கள் நம்மில் நிறைய.

ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. வளர்ந்த கதையைச் சமையலறை வழியாகச் சொல்பவை. சென்னையில் வளர்ந்த ஷோபா நாராயண் எழுதிய 'மான்சூன் டைரி' 2003-ல் வந்தது. அமெரிக்காவில் படிக்க இடம் கிடைக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை: எங்களுக்கு ஒரு சைவ விருந்து சமைத்துப் போடு, பிடித்திருந்தால் போகலாம். சமைத்தார், போனார். பத்மா லட்சுமி 2016-ல் வெளியிட்ட சுயசரிதையிலும் சென்னைத் தாத்தா-பாட்டி வீட்டுச் சமையலும் அமெரிக்க வாழ்க்கையும் மாறி மாறி வருகின்றன. இந்தப் புத்தகங்களுக்கு அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். இரண்டு அடுப்புச் சோற்றில் வளர்கிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை?

'அதெல்லாம் ஃபாரின் போனவங்க கவலை சார். எங்க வையம்பட்டியில ஏது இந்தப் பிரச்னை?' என்கிறீர்களா?

ஏன் இல்லை? முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர்போன மணப்பாறைக்குப் பக்கத்து ஊர்தானே உங்கள் வையம்பட்டி? அங்கிருந்து ஒரு பெண் திருச்சியில் படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கூட வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்வது இன்றைக்கு அதிசயமா என்ன? நாளைக்கு லீவுக்கு வருகிற பேரன் 'பாட்டி, ராஜ்மா இல்லையா?' என்று கேட்பான். பாட்டியின் முகம் போகிற போக்கைப் பார்த்து அவன் ஒரு பாடம் கற்றுக்கொள்வான். அப்பாவைப் பற்றிய பாடம்.

பஞ்சாப் வரை போகவேண்டாம். ஒரே வகுப்பில், மதிய மணி அடித்ததும் நாற்பது டிபன் பாக்ஸ் திறக்கிறது. அதில் ஒரு குழந்தை மட்டும் மூடியைப் பாதி மூடிக்கொண்டே சாப்பிடும். யாரோ மூக்கைப் பொத்தியிருப்பார்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, 'அம்மா, நாளைக்கு இதைக் கட்டாதே' என்று சொல்லும். அது வெட்கப்படுவது கருவாட்டுக்காகவோ கம்பஞ்சோற்றுக்காகவோ அல்ல. அதைச் சமைத்துக் கட்டிக் கொடுத்த அம்மாவுக்காக.

தமிழ்நாடு இதை ஒருமுறை பெரிய விலை கொடுத்துக் கற்றது. திருச்சி வரகனேரியில் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், தேசபக்தர். 1922-ல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனியாகச் சாப்பாடு. இரண்டே பையன்கள்தான். ஆனால் மற்ற பிள்ளைகளின் கண்ணில் அது பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தார்கள். காங்கிரஸே கலகலத்தது. குருகுலம் என்னென்ன பாடம் நடத்தியது என்பது இன்று எத்தனை பேருக்கு ஞாபகம்? பந்தி மட்டும்தான் சரித்திரத்தில் நின்றது.

அறுபது வருஷம் கழித்து, அதே திருச்சி மாவட்டத்தில் பாப்பாக்குறிச்சியில், 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசிக்காக வந்த திட்டம் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவும் வைத்தது. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தது. அடுத்த வருஷமே, பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் பற்றிய செய்திகளும் வந்தன. பசித்த பிள்ளை சாப்பிடத் தயாராகத்தான் இருக்கும். வேண்டாம் என்று இழுத்தது வளர்ந்தவர்கள்.

'அப்படின்னா எல்லாரும் எல்லாத்தையும் சாப்பிட்டே ஆகணுமா?' நியாயமான கேள்வி. வேண்டியதில்லை. சைவம் சாப்பிடுகிறவர் சைவமாகவே இருக்கலாம். பன்றியோ மாடோ வேண்டாம் என்பவர் விலக்கலாம். 'நான் சாப்பிடுவதில்லை' என்பது உங்களைப் பற்றிய செய்தி. 'இதையெல்லாம் மனுஷன் சாப்பிடுவானா?' என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிய தீர்ப்பு. முதலாவது உங்கள் உரிமை. இரண்டாவதைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கொள்கையை விடாமலே இடம் கொடுக்க முடியுமா? ஸ்ரீரங்கம் போய்ப் பாருங்கள். கோயிலுக்குள் அர்ஜுன மண்டபத்தின் ஓரத்தில் துலுக்க நாச்சியார் சந்நிதி. சிலை கிடையாது, ஓவியம்தான். அரங்கன்மேல் ஆசைப்பட்டு டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகள் என்பது கோயில் கதை. அது நடந்ததா இல்லையா என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கதைக்காகச் செய்திருக்கிற ஏற்பாட்டைக் கவனியுங்கள். அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியமாகிறது. கைலி உடுத்துகிற அலங்காரமும் உண்டு.

வந்த பெண் புளியோதரை சாப்பிடப் பழகிக்கொண்டாள் என்று கதை முடியவில்லை. பெருமாள் ரொட்டி சாப்பிடுகிறார்! மடைப்பள்ளி தன் ஆசாரத்தை விடவில்லை, ரொட்டியும் வெண்ணெயும் சைவம்தான். ஆனால் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொண்டது.

நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். வந்த மருமகள்தான் நாக்கை மாற்றிக்கொள்கிறாள். இருபது வருஷம் மாமியார் வீட்டுக் குழம்பை வைத்து வைத்து, பிறந்த வீட்டுக் குழம்பு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோகிறது. 'அப்போ ரெண்டு சமையலா? யார் செய்யறது?' என்று கேட்கிறீர்கள். அவளே செய்யவேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? மாதத்தில் ஒருநாள் அவள் ஊர்ச் சாப்பாட்டை அவள் கணவர் கற்றுக்கொண்டு சமைக்கட்டும். சமைத்துக் காட்டினால்தான் வெளியூர் போகலாம் என்று பெண்ணுக்குப் பரீட்சை வைக்கிறோம். ஒரு பையனுக்கு வைத்திருக்கிறோமா?

அடுத்தமுறை உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, 'அவன் டிபன் பாக்ஸ் ஒரே நாத்தம்மா' என்று சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள். 'அவங்க அம்மா எத்தனை மணிக்கு எழுந்து செஞ்சிருப்பாங்க?' என்று மட்டும் கேளுங்கள். அவன் கொஞ்சம் யோசிப்பான். வளர ஆரம்பிப்பது அங்கேதான்.