காக்கப்படும் ஆறும் கரையோர உரிமையும்

ஒருவன் ஆற்றிலே நீர் அருந்துவதால் மற்றொருவனுக்குத் தீங்கு நேர்கின்றதா? பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளரான ஜோன் லொக், தனியுடைமையின் நியாயத்தை விளக்குமிடத்து இவ்வுதாரணத்தை எடுத்தாண்டார். அவன் வேண்டிய மட்டும் பருகினும் பிறருக்கு ஓர் ஆறு முழுவதும் எஞ்சியிருக்கின்றது. ஆதலின் எவரும் குறைகூற இடமில்லை என்பது அவர் கருத்து. இந்த நியாயம், ஆறு எஞ்சியிருக்கின்றது என்னும் நிபந்தனையையே பற்றி நிற்கின்றது. அணை கட்டி ஆற்றையே மறிப்பவன் அதனைத் துணைக்கழைக்க முடியாது.

ஐக்கிய அமெரிக்காவில் ஆறுகள் பல அணைகளால் மறிக்கப்பட்டுவிட்ட நிலையில், எஞ்சியவற்றுட் சிலவற்றையேனும் தடையின்றி ஓடவிடும் நோக்குடன் 1968ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எட்டு ஆறுகளுடன் தொடங்கிய அப்பாதுகாப்பு இன்று 13,000 மைலுக்கு மேற்பட்ட ஆற்றுப் பகுதிகளைத் தழுவியுள்ளது. அப்பகுதிகளிற் புதிய நீர்மின் அணைகளுக்கு அனுமதி வழங்கலாகாது. எனினும், பாதுகாப்பு என்பது மனிதரை ஆற்றினின்றும் விலக்குதல் என இச்சட்டம் கொள்ளவில்லை. வனநிலை, எழில்நிலை, பொழுதுபோக்கு நிலை என ஆற்றுப் பகுதிகள் மூவகைப்படுத்தப்பட்டு, வகைக்கேற்பக் கட்டுப்பாடு வேறுபடுகின்றது. பயிர்ச்செய்கையும் மேய்ச்சலும் தொடரலாம். முன்னரே நிலைபெற்ற நீருரிமைகளும் அழிவதில்லை. தனியார் காணியின் பயன்பாட்டைக் கட்டளையால் மாற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு இச்சட்டத்தால் அளிக்கப்படவில்லை. அதனைக் கட்டுப்படுத்த விரும்பின் காணியையோ, அதன் பயன்பாட்டை வரையறுக்கும் உரிமையையோ அரசு பெற்றுக்கொள்ளல் வேண்டும். பின்னைய முறையில், ஏலவே நடைபெற்றுவரும் வழமையான பயன்பாட்டை உரிமையாளரின் இசைவின்றிப் பாதிக்கவும் இயலாது.

இவ்விடத்திலேயே அறவியற் சிக்கல் தோன்றுகின்றது. கரையில் ஒரு வீடு எழுவதால் ஆறு கெடுவதில்லை. நூறு வீடுகள் எழுந்தாற் கரைமரங்கள் மறையும், கழிவு நீரிற் கலக்கும். தீங்கு தனியொருவரின் செயலில் இல்லை. அனைவரின் செயலும் சேருமிடத்தே உள்ளது. ஒருவன் தன் செயல்நெறி அனைவருக்கும் பொதுவிதியாதலை விரும்ப இயலுமா என வினவுமாறு காண்ட் கூறியமை இங்கு பொருந்தும். ஆயின், முதற் பத்துப் பேரின் வீடுகள் நிலைத்திருக்கப் பதினோராமவர் மட்டும் தடுக்கப்படுகின்றார். அவர் செய்ய முனைந்தது முன்னையோர் செய்ததனின்றும் வேறன்று. காலத்தால் முந்துதல் அறத்தாலும் முந்துதல் ஆகுமா?

முந்தியோர் சார்பில் ஒரு நியாயம் உண்டு. அக்காலச் சட்டத்தை நம்பித் தம் வாழ்வையும் தொழிலையும் அமைத்துக்கொண்டவர்களைத் திடீரெனப் பெயர்த்தல் கொடுமையாகும். எனினும் அந்நியாயம் தொடர்ந்து வாழும் உரிமையை மட்டுமே தருகின்றது. விரிந்து செல்லும் உரிமையைத் தருவதில்லை. அவ்வாறே, பதினோராமவரின் இழப்பும் உண்மையானது. பொதுநலத்தின் பொருட்டு அவர் கைவிடும் பயனுக்குப் பொதுமக்கள் ஈடு செலுத்துதல் கருணையன்று, கடனாகும். ஆற்றின் எழிலை அனைவரும் நுகர, அதன் விலையை ஒருவர் மட்டும் செலுத்துதல் நீதியாகாது.

நுகர்வோரும் இவ்வரம்புக்குப் புறம்பானவரல்லர். ஐடஹோ மாநிலத்துச் சாமன் ஆற்றின் நடுக்கிளையிற் படகிற் செல்ல விழையும் தனிப்பட்ட குழுவினர், நெரிசல் மிக்க காலத்திற் குலுக்கல் மூலமே அனுமதி பெறுகின்றனர். ஆற்றை நேசிப்போரும் பலராகக் கூடினால் அதனைச் சிதைக்கக் கூடும் என்பதை இவ்வேற்பாடு ஒப்புக்கொள்கின்றது.

ஆகவே, அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்பது தடைகளுக்குத் தப்பி மிஞ்சிய உடைமையன்று; பிறர்பொருட்டு ஏற்கப்படும் பொறுப்பாகும். அந்தப் பிறருள் இன்னும் பிறவாதோரும் அடங்குவர். அவர்களிடம் இசைவு கேட்க இயலாது. ஈடு செலுத்தவும் இயலாது. அவர்களுக்குச் செய்யக்கூடிய நீதி ஒன்றே: அவர்கள் வந்து பருகும்போதும் ஓர் ஆறு முழுவதும் எஞ்சியிருக்க விடுதல்.