எண்ணெய்க் கையிருப்பை எப்போது திறப்பது நியாயம்?

எரிபொருள் விலை திடீரென ஏறும்போது மக்களைக் காப்பதற்காக அரசு சேர்த்து வைக்கும் கையிருப்பைப் பொருளியல் ஏற்பாடாகவே பார்ப்பது வழக்கம். அதற்குள் ஓர் அறக் கேள்வியும் இருக்கிறது. பொதுப்பணத்தில் சேர்த்த பொருளை எந்தத் துன்பத்துக்காகத் திறக்கலாம்? பொருளே கிடைக்காதபோதா, கிடைத்தும் வாங்க முடியாதபோதா? இந்தக் கேள்வி மிகத் தெளிவாக எழுந்த இடம் அமெரிக்கா.

1973இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை அந்நாட்டை உலுக்கியது. 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தின்படி அவசரகாலக் கையிருப்பு உருவானது. டெக்சாஸ், லூசியானா கடலோரத்தில் நான்கு இடங்களில், நிலத்தடி உப்புப் படிவங்களை நீரால் கரைத்துக் குடைந்த அறைகளில் கச்சா எண்ணெய் கிடக்கிறது. 2009 இறுதியில் அதன் அளவு 72 கோடி பீப்பாயைத் தாண்டியது. எண்ணெயை எடுக்க வேண்டுமானால் அறையின் அடிப்பகுதிக்குள் நீரைச் செலுத்துவார்கள். எண்ணெய் மிதந்து மேலேறிக் குழாய்க்குள் போகும். அந்த நீர் சுவரின் உப்பையும் கொஞ்சம் கரைத்துவிடும், அறை சற்று அகலமாகும். எனவே ஓர் அறையிலிருந்து இத்தனை முறைதான் எடுக்கலாம் என்ற வரம்பு உண்டு. அறையைத் திறக்கும் ஒவ்வொரு முடிவும் பின்னால் வருபவர்களின் பங்கில் கொஞ்சம் கை வைக்கிறது.

எப்போது திறக்கலாம் என்பதற்கு அந்தச் சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. விலை கடுமையாக ஏறியிருப்பது மட்டும் போதாது. ஓர் அவசர நிலையால் வரத்து கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். விலையேற்றம் அந்த நிலையிலிருந்து பிறந்திருக்க வேண்டும். அது நாட்டின் பொருளாதாரத்தைப் பெரிதாகப் பாதிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். விலையைத் தனியே பார்க்காமல் அதன் காரணத்தோடு சேர்த்துப் பார்க்கும் இந்த விதி, சட்ட வாசகத்துக்குள் இருக்கும் ஒரு தத்துவ நிலைப்பாடு.

பழைய மரபுகள் இதைத் தானியத்தை வைத்து யோசித்திருக்கின்றன. விவிலியத்தின் ஆதியாகமத்தில், வளமான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்க யோசேப்பு வழி சொல்கிறான். பஞ்சத்தில் எகிப்து பிழைக்கிறது. பலரும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து நடப்பது கடுமையானது. தானியம் விலைக்குத்தான் கொடுக்கப்படுகிறது. மக்கள் முதலில் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், கடைசியில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனிடம் ஒப்படைக்கிறார்கள். சேர்த்து வைத்தது உயிரைக் காத்தது. அதைக் கொடுத்த விதம் அவர்களை அடிமையாக்கியது. சேமிப்பின் நியாயமும் பங்கீட்டின் நியாயமும் தனித்தனியே எடைபோடப்பட வேண்டியவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று அரிது.

இஸ்லாமியச் சட்ட மரபு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. விலையேறட்டும் என்று காத்திருந்து பதுக்குவதை அது கண்டிக்கிறது. அதே சமயம், விலையை நிர்ணயிக்குமாறு கேட்டபோது நபிகள் நாயகம் மறுத்துவிட்டதாக வரும் செய்தியையும் அது கருத்தில் கொள்கிறது. பதுக்கல் போன்ற அநீதி நேரும்போது ஆட்சியாளர் தலையிடலாம் என்று 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு தைமிய்யா விளக்கினார். அரசின் கையிருப்பு இந்த இரண்டுக்கும் நடுவே போகும் வழி. அது விலையில் கை வைப்பதில்லை. சந்தையில் பொருளைக் கூட்டுகிறது.

விலையையும் பற்றாக்குறையையும் பிரிக்கும் சட்டத்தின் வரம்பு ஓர் இடத்தில் தடுமாறுகிறது. வசதி உள்ளவருக்கு விலையேற்றம் என்பது செலவு. கையில் காசில்லாமல் வேலைக்கு நெடுந்தூரம் காரோட்டிப் போகிறவருக்கு அதுவே பற்றாக்குறை. விற்பனை நிலையத்தில் பெட்ரோல் நிறைந்திருந்தும் அவருக்கு அது இல்லாததுதான். ஆகவே விலையை ஒரு பொருட்டாகவே எடுக்கக் கூடாது என்பாரின் வாதம் நிற்காது.

ஆனால் கையிருப்பைத் திறந்து விலையை இறக்குவது அந்த ஏழையை மட்டும் தேடிப் போகும் உதவியும் அல்ல. உக்ரைன் போரையடுத்து 2022இல், நாளுக்கு 10 லட்சம் பீப்பாய் வீதம் 18 கோடி பீப்பாயை விற்க அதிபர் ஜோ பைடன் ஆணையிட்டார். அந்த ஜூன் மாதம் பெட்ரோலின் தேசிய சராசரி விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. நட்பு நாடுகளின் விற்பனையையும் சேர்த்து, கேலனுக்கு 17 முதல் 42 சென்ட் வரை விலை குறைந்ததாக அமெரிக்கக் கருவூலத் துறை மதிப்பிட்டது. 30 சென்ட் என்றே வைத்துக்கொண்டால், வாரம் 10 கேலன் போடும் குடும்பத்துக்கு 3 டாலர் மிச்சம். பெரிய வண்டிகள் இரண்டு வைத்து 40 கேலன் எரிக்கும் வீட்டுக்கு 12 டாலர். கார் இல்லாதவருக்கு நேரடியாக எதுவும் இல்லை. அதிகம் எரிப்பவருக்கு அதிகம் சேரும் உதவியை ஏழைகளின் பெயரால் மட்டும் நியாயப்படுத்த முடியாது. போரால் வந்த திடீர் அதிர்ச்சியைத் தாங்கவும், மாற்று வழி தேட அவகாசம் கிடைக்கவும் என்றால் அந்த நியாயம் பொருந்தும்.

கச்சா எண்ணெய் இருந்தாலும் சுத்திகரிப்பு ஆலை நின்றுபோனால் பெட்ரோல் வராது. 2005இல் கத்ரீனா புயல் அதைக் காட்டியது. 2012இல் சாண்டி புயலடித்தபோது நியூயார்க், நியூ ஜெர்சி பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள்விட்டு நாள் பெட்ரோல் ஊற்றினார்கள். இதன் விளைவாக 2014இல் வடகிழக்கு மாநிலங்களுக்கென 10 லட்சம் பீப்பாய் பெட்ரோல் தனியே சேமிக்கப்பட்டது. நாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 லட்சம் பீப்பாய் பெட்ரோல் எரிக்கிறது. அந்தக் கையிருப்பு முழுவதும் மூன்று மணி நேரத்துக்குக்கூடக் காணாது. கச்சா எண்ணெய் உப்பறையில் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். பெட்ரோல் கெட்டுவிடும் என்பதால் அவ்வப்போது மாற்றியாக வேண்டும். பண்டகசாலையில் சேர்வதில் பாதியை நாட்டாரின் இடருக்கென ஒதுக்கி, பழையதைச் செலவழித்துப் புதியதை நிரப்பச் சொல்லும் அர்த்தசாஸ்திரம் இந்தச் சிக்கலை அறிந்தே பேசுகிறது. 2024இல் நாடாளுமன்றத்தின் உத்தரவுப்படி வடகிழக்கின் அந்தப் பெட்ரோல் முழுவதும் விற்கப்பட்டது. புயல் நாளுக்கென்று சேர்த்தது, கோடைகாலப் பயணங்கள் களைகட்டும் நேரத்தில் விலையைத் தணிக்கும் சரக்காகச் சந்தைக்கு வந்தது. அதைக் கைவிட நிதிக் காரணங்கள் இருக்கலாம். முதலில் சொன்ன நோக்கத்தோடு அந்த விற்பனை பொருந்தவில்லை.

எஞ்சியிருப்பது மீண்டும் நிரப்பும் கடமை. 2023இல் கச்சா எண்ணெய்க் கையிருப்பு ஏறத்தாழ 35 கோடி பீப்பாயாக இறங்கியது. அவ்வளவு குறைவை நாற்பதாண்டுகளாக யாரும் கண்டதில்லை. 2022இல் பீப்பாய் சராசரியாக 95 டாலருக்கு விற்ற அரசு, பின்னர் அதைவிடக் குறைந்த விலையில் திரும்ப வாங்கத் தொடங்கியது. பணக்கணக்கில் இது லாபம். அளவில் முன்பிருந்த இடத்துக்கு அது திரும்பவில்லை. விற்பதற்கு நெருக்கடியும் வாக்காளரும் நெருக்குகிறார்கள். வாங்கி நிரப்புவதற்கு அப்படி யாரும் நெருக்குவதில்லை. எனவே எவ்வளவு காலத்துக்குள், எந்த விலைக்குக் கீழே திரும்ப வாங்க வேண்டும் என்பதை, திறக்கும் ஆணையிலேயே எழுதிவிடுவது அடுத்த நெருக்கடியில் வாழப்போகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய நியாயம்.