கைரேகையும் மனவுணர்வும்

ஒரு நிறுவனத்தில் புதிய முறையைப் புகுத்தும் தலைவர், ஊழியரின் மனவுணர்வைக் கருத வேண்டுவது எதன்பொருட்டு? காரியம் தடையின்றி நடைபெறும்பொருட்டு என்பர் பலர். இவ்விடை போதாது. அவ்வாறாயின் உணர்வு என்பது வழியிற் கிடக்கும் கல்லாகிவிடும்; இன்சொல்லால் அதைப் புரட்டித் தள்ளிவிட்டால் தலைவரின் கடமை முடிந்தது என்றாகும்.

கோலார் தங்கவயலில் 1930ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குவோம். சுரங்கத் தொழிலாளரைப் பதிவு செய்து, ஒவ்வொருவரின் கைரேகையையும் எடுக்கும் முறையை நிர்வாகம் புகுத்தியது. ஆளை ஐயமின்றி அறிய உதவும் முறைதான் அது. நிர்வாகிகளின் கண்ணுக்கு ஒரு காகிதமும் சிறிது மையுமேயன்றி வேறில்லை. தொழிலாளரோ வேலையை நிறுத்தினர். பூசலின் நடுவே நின்றது கூலியன்று, கைரேகையே.

கைரேகை அக்காலத்தில் எதற்குரியதாய் இருந்தது? 1897இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற கைரேகை அலுவலகம் குற்றவாளிகளை இனங்காண்பதற்கே ஏற்பட்டது. தங்கவயல் தொழிலாளரோ, தங்கத்தைத் திருடுவர் என்ற ஐயத்தால் சோதனைக்குள்ளாகி வந்தவர்கள். சாதியின் பெயரால் ஊரிற்பட்ட இழிவினின்று விலகிச் சுரங்கத்தை நாடி வந்தவர் அவருட் பலர். அத்தகையாரிடம் விரலை நீட்டு என்றால், அவர் அங்கே கண்டது பதிவேட்டையா, காவல் நிலையத்தையா? அவர்தம் கொதிப்பில் ஓர் அறிவு இருந்தது. அம்முறை தம்மை யாரென்று சொல்கிறது என்பதை நிர்வாகிகளினும் அவர்களே நன்கறிந்திருந்தனர்.

உணர்வையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் எம்மாற்றமும் நடவாதே எனலாம். கேட்பது வேறு, பணிவது வேறு. வெறும் பழக்கப்பற்றால் எழும் மறுப்பு நாளடைவில் தணிந்துவிடும். தன்மதிப்பில் பட்ட காயமோ எளிதில் ஆறுவதன்று. 2014இல் மத்திய அரசு அலுவலகங்களிலும் விரலை வைத்து வருகையைப் பதியும் முறை வந்தது. அதை வசதியெனக் கொள்வாரும் உளர். தம்மை நம்பாமையின் அடையாளமெனக் குறுகுவாரும் உளர். எவருக்கு எது என்பதை மேலிருந்து ஊகித்தல் இயலாது. கேட்டே அறிய வேண்டும்.

கேட்கும் காலமும் உண்டு. பௌத்த சங்கத்தில் பெரிய தீர்மானம் ஒன்று முன்மொழியப்பெற்றபின் மும்முறை அறிவிக்கப்படும்; மறுப்போர் பேச இடமளித்த பின்னரே மௌனம் இசைவாகக் கொள்ளப்படும். பிக்குகளுக்கு அது நெடுநேரம் பிடித்திருக்கும், ஐயமில்லை. நம் அலுவலகங்கள் பலவற்றிலோ, இயந்திரத்தை வாங்கிச் சுவரில் மாட்டிய பிறகு கூட்டம் கூட்டி, உங்கள் கருத்து யாது என்கிறார்கள். அக்கூட்டத்தில் எவரும் வாய் திறப்பதில்லை.